காட்டுக்கு அனுப்பிய கோட்

மனோர் பார்க், லண்டன்
6-10-1985

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் இருக்கிறன், குளிரும் வந்திட்டுது. நீங்கள், தவமலர் மச்சாள், பிள்ளை சிவமலர் எல்லாரும் எப்பிடியெண்டு எழுதுங்கோ. போன முறை நீங்கள் போட்ட கடிதம் அரைப்பக்கம். அதிலையும் பாதி மாட்டைப் பற்றி.

எனக்கு வேலை கிடைச்சிட்டுது. என்ன வேலையெண்டு கேட்டாச் சிரிப்பீங்கள். மான் இறைச்சிக் கடை! ஸ்கொட்லாண்டிலை இருந்து தோலோடை வாற மானை உரிச்சு வெட்டிக் குடுக்கிறது. முதல் நாள் முதலாளி கத்தியைக் கையிலை தந்திட்டு, உனக்கு ஏலுமோ எண்டு கேக்கிறான். ஒட்டுசுட்டான் அம்பலவாணன்ரை தம்பியிட்டைக் கேக்கிற கேள்வியே இது?

இஞ்சை மானுக்குப் பஞ்சாங்கம் இருக்கு அண்ணை. பெரிய சாதி மானிலை, ஆண் எண்டா ஆகஸ்ட் முதலாந் தேதி தொடங்கி ஏப்ரல் முடியுமட்டும் சுடலாம். பெட்டை எண்டா நவம்பரிலை தொடங்கிப் பெப்ரவரியோடை சரி. ஸ்கொட்லாண்டிலை வேற கணக்கு. அங்கை ஆணுக்கு யூலையிலை தொடங்கினா ஒக்ரோபர் இருபதோடை துவக்கைக் கீழை வைச்சிட வேணும். இருட்டினாப் பிறகு சுட்டாப் பொலிஸ், கோடு கச்சேரிதான். நினைச்ச இடத்திலை போய்ச் சுடவும் ஏலாது, காணிக்காரன் ஓமெண்டு சொல்ல வேணும். எங்கடை வீட்டிலை இருந்து பஸ்ஸிலை போனா எப்பிங் காடு. பொதுக்காடு. ஆரும் நடக்கலாம், நாயைக் கொண்டு போகலாம், துவக்கு மட்டும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் போய் ஒரு மானுக்குக் கிட்ட நிண்டு பாத்தன். அது என்னை நிமிந்து பாத்திட்டுப் பேந்தும் மேயுது. எனக்கு வெக்கமாப் போச்சு.

அண்ணை, இஞ்சை பேப்பரிலை முல்லைத்தீவிலை சண்டை எண்டு கண்டா எனக்குச் சோறு இறங்குதில்லை. கொஞ்ச நாளைக்குக் காட்டுக்குப் போறதை விடுங்கோ.

உங்கடை தம்பி,
சிறி

*

ஒட்டுசுட்டான்
19-11-1985

தம்பி சிறிக்கு,

கடிதம் வந்தது. நனைஞ்சு, ஆரோ உடைச்சுப் பேந்து ஒட்டின மாதிரிக் கிடந்தது. உன்ரை மான் பஞ்சாங்கத்தை அவையும் வாசிச்சுப் பயனடைஞ்சிருப்பினம்.

எங்கடை பஞ்சாங்கம் உனக்கு மறந்து போச்சோடா? பாலை பழுக்கேக்கை மரத்துக்குக் கீழை வேட்டை. குரங்கு உலுப்பும், மான் பொறுக்க வரும். ஆடி ஆவணியிலை காடு காஞ்சு போனா மடுவிலை. மாரியிலை விட்டிட வேணும். குட்டியோடை நிக்கிறதை ஐயாவும் சுடேல்லை, நானும் சுடேல்லை. அதுக்கு ஆரும் சட்டம் போட வேண்டி இருக்கேல்லை.

எல்லாரும் துவக்கைப் பொலிசிலை குடுக்க வேணுமெண்டு சொல்லி என்ரையை வாங்கி ஒரு வருசத்துக்கு மேலை. இப்ப சுருக்கும் நாயும்தான். காட்டை விடு எண்டு எழுதுறாய். வயல் விதைக்கேல்லை. குளத்துப் பக்கம் போகேலாது. காட்டையும் விட்டா உன்ரை மச்சாள் எதை உலையிலை போடுறது? உள்ளுக்கை இப்ப இரண்டு பக்கத்து ஆக்களும் திரியினம்தான். மேலாலை ஹெலியும் சுத்தும். என்ரை அம்பது வயசுக்கு மான்ரை கண்ணிலையே நான் பட்டதில்லை, உவையின்ரை கண்ணிலையோ படப்போறன்?

எனக்குப் பயம் சூரை முள்ளுக்குத்தான். இருந்த சேட்டெல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுது. தைச்சுத் தைச்சு மச்சாள் என்னைப் பேசுறாள். உங்கத்தை வேட்டைக்காரர் முள்ளுக்கு என்ன போடுறவை எண்டு கேட்டு எழுது.

தேனிலை போட்ட இறைச்சி ஒரு போத்தில் உனக்கெண்டு வைச்சிருக்கு. நீ வந்துதான் தின்ன வேணும்.

அம்பலவாணன்

*

மனோர் பார்க்
2-2-1986

அன்புள்ள அண்ணைக்கு,

கேட்டு எழுதச் சொன்னீங்கள். நான் எழுதேல்லை, வாங்கியே போட்டன்!

பக்கத்து வீட்டு பியற்றிஸ் அக்கா, நேர்ஸ், தாயைப் பாக்க நாளைக்கு வவுனியா போறா. இந்தக் கடிதத்தையும் உள்ளுக்கை வைச்சுப் பார்சலை அவவிட்டைக் குடுக்கிறன். முல்லைத்தீவு பஸ்ஸிலை தெரிஞ்ச ஆக்களிட்டை ஒப்படைப்பா. உள்ளுக்கை ஒரு கோட். எங்கடை கடைக்கு மான் கொண்டு வாற ஸ்கொட்லாண்ட்காரன் போடுற அதே சாதி. முள்ளு ஏறாது, தண்ணி ஊறாது. பச்சையும் மண்ணிறமும் கறுப்புமா இலை மாதிரித் திட்டுத் திட்டாக் கிடக்கு. அதைப் போட்டுக்கொண்டு நிண்டா மரமெண்டு மான் வந்து உங்களிலை முதுகு தேய்க்கும்.

ஒண்டே ஒண்டு கேக்கிறன். போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. என்னட்டை உங்கடை படம் ஒண்டும் இல்லை. வரேக்கை கொண்டு வந்ததிலை நீங்கள் மாட்டுக்குப் பின்னாலை அரை முகம். மாடுதான் வடிவா விழுந்திருக்கு.

சிறி

*

மனோர் பார்க்
16-2-1986

அண்ணை,

இந்தக் கடிதத்தைத் தபாலிலை போடப் பயமாக் கிடக்கு. கொழும்புக்குப் போற ஒருத்தரிட்டைக் குடுத்து விடுறன். கிடைச்ச உடனை கோட்டை மண்ணுக்குள்ளை தாட்டுப்போடுங்கோ. எரிச்சாப் புகையை ஆரும் காணுவினம். தாளுங்கோ.

இண்டைக்குக் கோயிலிலை கிறிஸ்துநாயகத்தைக் கண்டன். வேதக்காரன்தான், கோயில் பொங்கல் புக்கை தின்ன வந்தவன். முள்ளியவளையிலை இருந்து இப்பதான் வந்து சேர்ந்தவன். பெருமையா அவனிட்டைக் கோட்டின்ரை கதையைச் சொன்னன். அவன் புக்கையைக் கீழை வைச்சிட்டு, "உனக்கென்ன விசரோ? அந்த உடுப்போடை ஒருத்தனைக் கண்டா ஆமி இயக்கமெண்டு சுடும், இயக்கம் ஆமியெண்டு சுடும். சொந்த அண்ணனுக்கே அனுப்பினனீ?" எண்டு கேட்டான். இஞ்சை அது மான் வேட்டைக்காரன்ரை கோட் அண்ணை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சு விக்கிறாங்கள். எனக்கு அங்கத்தை நினைப்பு வரவே இல்லை. இரண்டு வருசத்திலை நான் இவ்வளவு மோடனாப் போனனே!

பியற்றிஸ் அக்கா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பா. முல்லைத்தீவுக்கு ரெலிபோன் எடுத்தா லைன் இல்லை. கடைசியாத் தந்தி அடிச்சன். தந்தியை எத்தினை பேர் வாசிப்பினமோ, உள்ளதைச் சொல்லேலாது. அதாலை, "கோட் அளவு பிழை, போட வேண்டாம்" எண்டு மட்டும் அடிச்சன். உங்களுக்கு விளங்கும்தானே? விளங்க வேணும்.

சிறி

*

ஒட்டுசுட்டான்
8-5-1986

தம்பி சிறிக்கு,

பஸ் ஓடாமல் கிடந்து கிடந்து பார்சல் சித்திரைக் கடைசியிலைதான் வந்தது. உன்ரை தந்தி அதுக்கு முதலே வந்திட்டுது. தந்தி எண்டதும் மச்சாள் குளறத் தொடங்கிட்டாள், உனக்கென்னவோ நடந்து போச்செண்டு. பிரிச்சுப் பாத்தா, கோட் அளவு பிழையாம்! உதுக்கு ஒரு தந்தியோடா? காசு கூடிப் போச்சோ? போட்டுப் பாத்தன். எனக்கெண்டு அளவெடுத்துத் தைச்ச மாதிரி நிக்குது. உன்ரை கண்ணுக்கு நான் எப்பவும் மெலிஞ்ச ஆள்தான்.

பார்சலுக்குள்ளை இருந்ததைத் தவிர வேற கடிதம் ஒண்டும் உன்னட்டையிருந்து வரேல்லை. ஏன் எழுதுறாயில்லை?

மச்சாளுக்குக் கோட்டைக் கண்ணிலை காட்டேலாது. தாட்டுப்போடு எண்டு ஒரே சண்டை. நானும் குழந்தைப்பிள்ளை இல்லை. ரோட்டிலை போடமாட்டன், சாக்குக்குள்ளை சுருட்டிக் கொண்டு போய் உள்காட்டிலைதான் போடுவன். அங்கை என்னை ஆர் காணுறது? காணாமல் இருக்கத்தானே அந்த உடுப்பே. தம்பி, முள்ளு ஒண்டும் ஏறேல்லை. முந்தநாள் ஒரு மரை என்னைத் தாண்டிப் போச்சுது, வாலைப் பிடிச்சிருக்கலாம். நீ ஆசைப்பட்டு அனுப்பினதை மண்ணுக்குள்ளை போட எனக்கு மனம் வரேல்லை.

படமும் எடுத்தாச்சு. சிவமலர் பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியவீட்டுக்கு வந்த படக்காரர் செபஸ்தியாம்பிள்ளை, வளவுக்குப் பின்னாலை நிப்பாட்டி எடுத்தவர். கழுவிக் கொண்டு வந்து தருவார், அனுப்புறன். பாலை பழுக்கத் தொடங்கிட்டுது. இந்த முறை நல்ல காய்ப்பு.

அம்பலவாணன்

*

மனோர் பார்க்
1-6-1986

அண்ணை, என்ரை அண்ணை,

அளவு சரி, அளவு சரி! நான் அளவைச் சொல்லேல்லை அண்ணை. கோட்டைப் போடாதேங்கோ எண்டு சொன்னன். கொழும்புக்குக் குடுத்துவிட்ட கடிதம் வந்து சேரேல்லை எண்டு இப்பதான் விளங்குது. இதைத் தபாலிலைதான் போடுறன். ஆர் உடைச்சு வாசிச்சாலும் வாசிக்கட்டும்.

இதை உடைச்சு வாசிக்கிற ஐயாமாரே, நீங்கள் எந்தப் பக்கத்து ஆக்களாயிருந்தாலும் உங்களுக்கும்தான் எழுதுறன். ஒட்டுசுட்டான் காட்டிலை இலை போட்ட பச்சைக் கோட்டோடை ஒருத்தர் நிண்டா அவர் அம்பலவாணன். மான் பிடிக்கிறவர். கையிலை சுருக்கும் பக்கத்திலை ஒரு நாயும் இருக்கும், வேற ஒண்டும் இராது. அந்தக் கோட் லண்டனிலை மான் வேட்டைக்காரர் போடுறது, நான் வாங்கி அனுப்பினது. பிடிக்கிறதெண்டா என்னைப் பிடியுங்கோ, விலாசம் மேலை கிடக்கு. அவரைச் சுட்டுப்போடாதேங்கோ. சுடாமல் கூப்பிட்டுக் கேட்டா அவர் உங்களுக்கும் தேனிலை போட்ட இறைச்சி தருவார்.

அண்ணை, மச்சாள் சொல்லைக் கேளுங்கோ. இஞ்சை இப்ப பெரிய மானிலை ஒண்டையும் தொடேலாத காலம். கடையிலை வேலை குறைவு. சும்மா நிண்டு நிண்டு இதைத்தான் நினைக்கிறன். கையைப் பிசையிறதைத் தவிர எனக்கு இஞ்சை ஒரு வேலையும் இல்லை.

சிறி

*

ஒட்டுசுட்டான்
3-7-1986

தம்பி சிறிக்கு மச்சாள் எழுதுவது,

நீர் இவருக்குப் போட்ட கடிதம் வந்தது. உடைச்சுத்தான் கிடந்தது. வாசிச்ச ஆக்கள் வடிவா ஒட்டி அனுப்பியிருக்கினம். அதை வாசிக்க இவர் இல்லை. உமக்குக் கடிதம் போட்ட கிழமையே போயிட்டார். உமக்கு அறிவிக்க நான் பேனையை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தன்.

விடிய வெள்ளண்ண பாலைப்பழம் பொறுக்குற மானுக்கெண்டு போனவர். மத்தியானம் வெடி கேட்டது. பின்னேரம் நாய் தனிய வந்தது. ஊராக்கள் அடுத்த நாள்தான் பயந்து பயந்து உள்ளுக்கை போய்க் கண்டவை. ஆர் சுட்டது எண்டு இண்டைக்குவரை தெரியாது. ஆரெண்டு நினைச்சுச் சுட்டவை எண்டும் தெரியாது. கோட்டை அங்கையே கழட்டித் தாட்டுப்போட்டு, சாறத்தாலை மூடித்தான் கொண்டு வந்தவை.

உம்மிலை கோவமில்லை எண்டு எழுதத்தான் இருந்தனான். பொய் எழுத வருகுதில்லை. நீர் ஆசையிலைதான் அனுப்பினனீர், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம்தான் வருகுது. எனக்கு இவரிலையும் கோவம்.

செபஸ்தியாம்பிள்ளை படத்தைக் கொண்டு வந்து தந்திட்டுக் காசும் வாங்காமல் போயிட்டார். அந்தக் கோட்டோடை நிண்டு சிரிக்கிறார். இருவது வருசம் கூட இருந்திருக்கிறன், அப்பிடிச் சிரிச்சு ஒரு படம் இவர் எடுத்ததில்லை. இதைச் சுவரிலை மாட்டேலாது. ஆமி ஊரை வளைச்சுப் பிடிக்கேக்கை ஆரும் கண்டா எங்களையும் கொண்டு போவினம். கிழிக்கவும் கை வருகுதில்லை. இதோடை வைச்சிருக்கிறன், நீரே வைச்சிரும்.

சிவமலர் அப்பான்ரை படம் எங்கையெண்டு கேக்கிறாள். வருசம் முடியிற ஆட்டைத் திவசத்துக்காவது ஒரு படம் வேணும். சாதாரண சேட்டோடை உம்மட்டை ஏதும் இருந்தா அனுப்பும். வேற ஒண்டும் அனுப்ப வேண்டாம்.

தவமலர்

*

மனோர் பார்க்
10-8-1986

மச்சாளுக்கு,

மன்னிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாயில்லை. கேக்கவும் மாட்டன்.

என்னட்டை வேற படம் இல்லை. மாட்டுக்குப் பின்னாலை அரை முகம்தான் இருக்கு. அதாலை நீங்கள் அனுப்பின படத்தைக் கொண்டு ரெய்னர்ஸ் லேனுக்குப் போனன். அங்கை வைத்தியநாதன் எண்டு ஒரு இந்தியத் தமிழர் படக்கடை வைச்சிருக்கிறார். "கோட்டுக்கு மேல வெள்ளைச் சட்டை வரைஞ்சிடலாம், கவலைப்படாதீங்க" எண்டார். பேந்து படத்தைப் பாத்திட்டு, "அண்ணன் மிலிட்டரியா?" எண்டு கேட்டார். நான் இல்லையெண்டு தலையாட்டினன். மான் பிடிக்கிறவர் எண்டு சொல்லி முடிக்க எனக்கு ஏலாமல் போச்சு. கடை வாசலிலை நிண்டு அழுதன்.

முதலாந் தேதியோடை இஞ்சை மான் சுட விட்டாச்சு. ஸ்கொட்லாண்ட் மானோடை இனி இஞ்சத்தை மானும் கடைக்கு வரும். நான் போகேல்லை. அந்தக் கத்தியைக் கையிலை பிடிக்கேலாமல் கிடக்கு.

படத்தை இதோடை வைச்சிருக்கிறன். முகத்திலை கை வைக்க விடேல்லை, சிரிப்பு அப்பிடியே கிடக்கு. சேட்டும் வடிவா வந்திருக்கு. கழுத்தடியிலை மட்டும் கோட்டின்ரை பச்சை ஒரு பொட்டுத் தெரியுது. அதுக்கு மேலை மை பிடிச்சா நாடி பழுதாப் போயிடும் எண்டு அவர் விட்டிட்டார். மாலையைக் கொஞ்சம் ஏத்திப் போடுங்கோ, மறைஞ்சிடும்.

சிறி