ஆல்கோவா, ஜி.எம்.மா

கும்மிடிப்பூண்டி
12-8-1970

சிரஞ்சீவி ரங்காவுக்கு ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம்.

உன் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் பள்ளிக்கூட நாளிலிருந்து இருக்கும் வழக்கம், கோபிக்காதே. ஜி.எம். ரயில் இன்ஜினுக்கு ஆல்கோவைவிடச் சக்தி அதிகம் என்கிறாய். இரண்டுக்கும் இரண்டாயிரத்து அறுநூறு குதிரைத்திறன்தான். டீசல் ஷெட்டில் வேலை பார்ப்பவன் இதில் தவறலாமா? ஜி.எம்.மில் புகை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆல்கோவைத்தானே காசியில் நம் ஆட்களே செய்கிறார்கள்?

நேற்று ஹௌரா மெயிலைப் பார்க்கப் போனேன். கேட் கீப்பர் அரசப்பன், "இன்னா ஐயரம்மா, தெனம் இஞ்சினையே பாத்துக்கினு கீற, புள்ள எப்போ வரும்?" என்றான். நாம் ஐயங்கார் என்று அவனுக்குச் சொல்லி அலுத்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு நான் வராததை அவனிடம் சொல்வானேன்? உனக்கு லீவு இல்லை என்றேன்.

அம்மா
வைஜயந்தி

மொகல்சராய்
2-9-1970

அம்மாவுக்கு நமஸ்காரம்.

குதிரைத்திறனில் நீ சொன்னதே சரி. ஆனால் ஜி.எம். வேகம் பிடிப்பதை ஒரு முறை நேரில் பார், கட்சி மாறிவிடுவாய்.

சாராளுக்கு ஐந்தாம் மாதம். தாய் இல்லாத பெண். பிரசவத்துக்கு உன்னை அழைத்துத் தனியாக எழுதுகிறாள். உனக்குப் பிடிக்குமே என்று இன்ஜின் சமாசாரமும் என்னிடம் கேட்டுச் சேர்க்கிறாள். இரண்டு வரியாவது அவளுக்குப் பதில் போடு.

உன் ரங்கா

கும்மிடிப்பூண்டி
20-9-1970

சிரஞ்சீவி ரங்காவுக்கு ஆசீர்வாதம்.

சாராளின் கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஜி.எம். காசியில் தயாராவதாக எழுதியிருக்கிறாள், அது ஆல்கோ. திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். மற்றதை யோசிக்க வேண்டும்.

அம்மா
வைஜயந்தி

மொகல்சராய்
1-10-1970

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உறையை அவள்தான் பிரித்தாள். "அத்தை பதில் போட்டுட்டாங்க, பாருங்க!" என்று ஓடிவந்தாள். சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இது பழக்கம், அம்மா. குழந்தை வரப்போகிறது என்று எழுதியவளுக்கு அதைப் பற்றி ஒரு சொல் இல்லையா?

வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

ரங்கா

கும்மிடிப்பூண்டி
20-12-1970

சிரஞ்சீவி ரங்காவுக்கு ஆசீர்வாதம்.

பதில் எழுத உட்கார்ந்து பல முறை எழுந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் ஜி.எம்.தான் மேல். நான் தோற்றதாகச் சாராளிடம் சொல்.

வைகுண்ட ஏகாதசி முடிந்ததும் புறப்படுகிறேன். பிரசவ மருந்து இடித்துவிட்டேன். அரசப்பன், "ஊட்டப் பூட்டிக்கினு எங்கம்மா கெளம்பற?" என்றான். பேரக்குழந்தையைப் பார்க்க என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னது இதுவே முதல் தடவை.

அம்மா

மொகல்சராய்
4-1-1971

அம்மாவுக்கு,

பெண் குழந்தை. ஏகாதசிக்குக் காத்திராமல் முன்னமே பிறந்துவிட்டது. இருவரும் நலம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அம்மாள் துணைக்கு வந்து எங்களோடு தங்கியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைச் சாராளுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்ஜின்ல யாரு ஜெயிச்சா எனக்கு இன்னாங்க? எங்கொழந்தையப் பாத்தாலும் அவங்களுக்குத் தப்புதான் கண்ணுல படும். வேணாங்க" என்றாள்.

டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.

ரங்கநாதன்