நாலாவது துளிர்

கரட்டுப்பாளையம்,
26-9-1938

அன்புள்ள மாமாவுக்கு அங்காளம்மாளின் கும்பிடு. இங்கே நானும் கோழிகளும் சுகம். செவலைக் காளைதான் எலும்பாய் நிற்கிறது. கிணறு வற்றிவிட்டது. சோளம் அறுத்த தாளில் தூறலுக்கு மறுதாம்பு துளிர்த்தது. இரண்டு தடவை அறுத்துச் செவலைக்குப் போட்டேன். மறுபடியும் துளிர்க்கிறது, பாவம். "ஆடிக்கு வாரேன் புள்ளே" என்று போனீர்கள். உங்கள் விவசாயப் பண்ணையில் இன்னும் ஆடி பிறக்கவில்லையா?

உங்கள்
அங்காளம்மாள்

கோயமுத்தூர்,
4-10-1938

சௌ. அங்காளம்மாளுக்கு ஆசீர்வாதம். அறுப்பதை உடனே நிறுத்து. இலைதான் பயிருக்கு அடுப்பு என்கிறார் எங்கள் ஆபீசர். காற்றிலிருக்கும் கரியை எடுத்து, வெயிலில் சர்க்கரையாகச் சமைக்கிறதாம். வளர்ந்தது போக மீதியை வேருக்கு அனுப்பும். வறட்சியில் அதைத் தின்றுதான் வேர் உயிர் பிடித்திருக்கும். அறுத்தால், அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் மறுபடி துளிர்க்கும். இலை முற்றி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும்வரை கை வைக்காதே. தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன்.

அர்த்தநாரி

கரட்டுப்பாளையம்,
30-10-1938

மாமாவுக்குக் கும்பிடு. பயிருக்கு ஒரு பக்கம் எழுதினீர்கள், வருவதற்கு ஒரு வரி. அந்த வரியை நம்பி அரிவாளைக் கூரையில் செருகினேன். தீபாவளியன்று ரோட்டில் நின்று எல்லா பஸ்ஸையும் பார்த்தேன். மறுநாள் செவலை எழவில்லை. பக்கத்துக் காட்டு முத்தாயம்மாள், "மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட உம் புருசனா வரப்போறான்? அறுத்துப் போடு சாமி" என்றாள். துளிர் இரண்டே இலை விட்டிருந்தது. அறுத்தேன். தின்றுவிட்டு எழுந்தது. கோபிக்காதீர்கள். ஒருநாள் வந்து காளையை விற்றுவிட்டு என்னைக் கூட்டிப் போங்கள்.

உங்கள்
அங்காளம்மாள்

கோயமுத்தூர்,
7-11-1938

அங்காளம்மாளுக்கு, சோதனைப் பயிரை விட்டு வர ஆபீசர் சம்மதிக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு வருகிறேன். வேரில் மிச்சமிருந்தால் துளிர்க்கும், பொறு.

அர்த்தநாரி

கரட்டுப்பாளையம்,
18-12-1938

மாமாவுக்கு,

தீபமும் போயிற்று. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்தேன். நாலாவது துளிர் வரவில்லை. ஒரு தாளைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் சருகாய் நொறுங்கியது. உங்கள் ஆபீசர் சொன்னது மெய்தான், அவரிடம் சொல்லுங்கள். செவலை வெள்ளிக்கிழமை செத்தது.

ஆடி, தீபாவளி, தீபம் என்று மூன்று தடவை சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் அழுது முடித்து, மறுபடி ரோட்டைப் பார்த்தேன். எதைத் தின்று அப்படிப் பார்த்தேன் என்று உங்கள் கடிதம் படித்தபிறகுதான் எனக்கே புரிந்தது. இப்போது அதிலும் மிச்சமில்லை.

நாளை சேலத்துக்குப் போகிறேன், அம்மாபேட்டையில் தறிக்கு நூல் சுற்ற. பொங்கலுக்கு வருகிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அங்காளம்மாள்