கடிதத்தில் வந்த வரைபடம்

கற்பிட்டி. செவ்வாய், இரவு.

கடல்நீர்க் களப்பில் நாங்கள் தோணிகளை இழுத்து வைக்கும் கரையை இறால் பண்ணைக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். கரை சம்பந்தமான எல்லா ஆவணங்களையும் கேட்டு காணி அலுவலகத்துக்கு நான் கொடுத்த தகவல் உரிமை விண்ணப்பத்தை இன்று நிராகரித்துவிட்டார்கள். கேட்டது அளவுக்கு மீறி விரிவானதாம். எந்த வரைபடம் வேண்டும் என்று குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கும்படி கடிதம் முடிகிறது.

வரைபடம் என்று நான் ஓரிடத்திலும் எழுதவில்லையே.

கரை பொதுவழி என்று காட்டும் பழைய படமொன்று அந்தக் கந்தோரில் இருப்பதைச் சொன்னவன், அங்கே டைப் அடிக்கும் என் தம்பி. அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் கேட்டேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவன் வந்ததும், "அந்த வரிய நீயா போட்ட?" என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா. சேர் சொன்னதத்தான் அடிச்சன். நீங்கதான் படத்தக் கேட்டீங்களாக்கும் எண்டு நெனச்சன்."

அப்படியானால் அந்த மேலதிகாரி எங்களுக்கு வழி காட்டுகிறாரா, படத்தைப் பற்றிச் சொன்னது யாரென்று தேடுகிறாரா?

"அவர் எப்படிப்பட்ட ஆள்?"

"எங்கிட்ட நல்லாத்தான் கதைப்பார்," என்றான். ஊற்றி வைத்த பிளேன்டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

புதிய விண்ணப்பத்தில் இதுவரை என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்; எந்த வரைபடம் என்ற இடம் காலியாகவே இருக்கிறது.