அக்கா வீட்டு நடுத்தூணும் உன் கட்டைவிரலும்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, அக்கா, மாப்பிள்ளை எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவது என்ன, வாரம் தவறாமல் உன் வீடியோவில்தான் முகத்தைப் பார்க்கிறேனே, கன்னம் உப்பியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, நேரத்துக்குத் தூங்கு. போனில் பேசலாம் என்றால் எடுத்தவுடன் "ஷூட்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய், குரலைப் பதிந்து அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாயாம், அக்கா சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, அதனால் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் அக்கா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், முழுக்கப் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் கூடியிருக்கிறது. உன் வீடியோ வந்ததும் மருந்துக்கடைக்காரர் முதல் தையல்காரர் வரை அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்க்கிறார், எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது என்று சொன்னால் "உனக்குப் பொறாமை" என்கிறார். பொறாமை இல்லை குட்டி, அருவருப்பு. பெற்ற பிள்ளையைப் பற்றி இந்த வார்த்தையை எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை, ஆனால் இன்று காலை அக்கா வீட்டில் பார்த்ததற்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

காலையில் அக்காவுக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். கீழ்க் கூடத்தில் அவள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறாள் அல்லவா, அந்தக் கூடத்தின் நடுவில் நிற்கிற தூணில் பிள்ளைகள் முட்டிக்கொள்கிறார்கள் என்று தலையணையைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். இன்று தலையணை தரையில் கிடந்தது, கூடம் முழுக்கச் சிமெண்டுத் தூள், கொத்தனார் உளியும் சுத்தியலுமாகத் தூணின் ஒரு மூலையைக் கம்பி தெரியும் அளவுக்குக் கொத்தி எடுத்திருந்தார். யாரைக் கேட்டு இதில் கை வைத்தீர்கள் என்று கத்தினேன். அந்த மனுஷன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னம்மா, நீங்களே இப்படிக் கேக்கறீங்க, உங்க மாப்பிள்ளை சார் காட்டின வீடியோவுல உங்க போட்டோதான இருந்துச்சு" என்றார்.

உன் வட்டக்கூரை வீடியோதான். ரோமாபுரியில் இருக்கிற அந்தப் பழைய கட்டடத்தைக் காட்டி, "ஒரு கம்பி கிடையாது, நடுவுல ஒரு தூண் கிடையாது, ரெண்டாயிரம் வருஷமா நிக்குது, தூணெல்லாம் கமிஷனுக்காக வைக்கிறாங்க மக்களே" என்று கைதட்டிப் பேசியிருக்கிறாயே, அது. கடைசியில் நான் பழைய ஆபீஸில் வரைபடத்தை விரித்து நிற்கிற படத்தைப் போட்டு, எங்கம்மாவே பெரிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், இதெல்லாம் எங்க வீட்டுல சோறு ஊட்டும்போதே கத்துக்கிட்டது என்று முடித்திருக்கிறாய். நான் எந்தக் காலத்தில் உனக்கு இந்தக் குப்பையை ஊட்டினேன்? கொத்தனார் போனில் மறுபடி அதைக் காட்டியபோது பாதியிலேயே எழுந்து போய் முகம் கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த வட்டக்கூரையை நானும் பார்த்திருக்கிறேன், அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, அவ்வளவு அழகு. நடுவில் தூண் இல்லைதான். ஆனால் அதைத் தாங்குகிற சுவரைக் காட்டினாயா நீ? நம் வீட்டுக் கூடத்தையும் சமையலறையையும் சேர்த்து வைத்தால்தான் அந்தச் சுவரின் கனம் வரும். கூரை அடியில் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை வாங்கத்தான் அவ்வளவு கனம். மேலே போகப் போகக் கூரையை மெலிதாக்கி, காரையில் நுரைக்கல்லைக் கலந்து எடையைக் குறைத்து, உச்சியில் ஓட்டையே விட்டுவிட்டார்கள், அப்படியும் அதில் விரிசல் இருக்கிறது. நீ அந்த ஓட்டை வழியாக வெயில் விழுவதை மட்டும் சோகப் பாட்டுப் போட்டுக் காட்டினாய். உலகத்திலேயே உயரமான கோபுரத்தைப் பற்றிப் பேசியபோதும் இதே கதைதான், அஸ்திவாரம் கெட்டிப் பாறைமேல் நிற்கவில்லை, ஆகவே அஸ்திவாரமே ஏமாற்று என்றாய். பூமிக்குள் இறக்கிய நீளக் கான்கிரீட் தூண்களைப் பக்கவாட்டில் மண்ணும் மென்பாறையும் கவ்விப் பிடித்திருக்கின்றன என்பதும், காற்று ஒரே தாளத்தில் உலுக்காமல் இருக்கத்தான் மாடிக்கு மாடி உருவத்தை மாற்றினார்கள் என்பதும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதில் ஒரு ரகசியமும் இல்லை. பிரமிடு கட்டியவர்களே ஒன்றைப் பாதி கட்டிய பிறகு சரிவைக் குறைத்துக்கொண்டார்கள், அந்தக் கோணல் இன்றும் தெரிகிறது. அவர்களுக்கே சந்தேகம் வந்தது, உனக்குத்தான் வருவதில்லை. விழுந்துபோன கட்டடங்கள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் படம் எடுப்பதில்லை, அதனால் உன் கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். அவர் தட்டைக் கூரைக்கும் வட்டக் கூரைக்கும் என்ன வித்தியாசம் அத்தை, ரெண்டும் கூரைதானே என்கிறார். அக்கா வீட்டுக்குக் கம்பிக் கணக்குப் போட்டவள் நான். அந்தத் தூணுக்கு நேர் மேலே உத்தரத்தின் மேல்பக்கம் இழுபடும், அதனால் அங்கே கம்பியை மேல்பக்கம்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். தூணை எடுத்தால் இழுப்பு அடிப்பக்கம் வந்துவிடும், அந்த இழுப்பைத் தாங்குகிற கம்பி அடியில் இல்லை. அந்த உத்தரத்தின் மேல்தான் அக்காவின் படுக்கையறை, அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே ஊரான் வீட்டுப் பிள்ளைகள். இவ்வளவும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை நிதானமாகப் போனை நீட்டினார். "நீங்க எதுக்கெடுத்தாலும் பயப்படற ஆளு அத்தை, நான் குட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் செய்யறேன், அவனே சரின்னுட்டான்" என்றார்.

பார்த்தேன். தூணைப் படம் பிடித்து, குட்டி இதை எடுத்துடலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே உன் கட்டைவிரல் படம். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் முறுக்கிய புஜம் வேறு. உனக்கு அது நினைவிருக்காது, என்ன கேட்டார் என்று படித்தே இருக்கமாட்டாய், சாலை கடக்கும்போதோ சாப்பிடும்போதோ தட்டிவிட்டிருப்பாய். சே. தெரியாதவன் தப்புச் செய்தால் கோபம்தான் வரும், எதைக் கேட்டார்கள் என்றே பாராமல் அக்கா வீட்டைத் தாங்குகிற தூணை எடுக்க நீ சரி சொன்னதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை குட்டி, அழுகிய எதையோ தொட்டுவிட்டமாதிரி அந்தப் போனைக் கீழே வைத்தேன்.

அக்காவும் என் பக்கம் முழுசாக இல்லை. கூடம் பெரிதானால் இன்னும் பிள்ளைகள் வருவார்கள் என்று அவளுக்கு ஆசை, நீ எல்லாத்துக்கும் பயமுறுத்துவம்மா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆசைப்படுவதில் தப்பில்லை, தூண் இல்லாமல் வேண்டுமென்றால் உத்தரத்துக்கு அடியில் இரும்பு உத்தரம் கொடுத்து, அதைத் தாங்க இரண்டு பக்கமும் புதுத் தூணும் அஸ்திவாரமும் போட்டு, முட்டுக் கொடுத்துப் பொறுமையாகச் செய்யலாம், நானே வரைந்து தருகிறேன் என்றேன். அதற்கு நாளாகுமாம், மாப்பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கொத்தனார் நல்ல மனுஷன், நான் சொன்ன இடத்திலெல்லாம் முட்டுக் கொடுத்துவிட்டு இனி இந்தத் தூணைத் தொடமாட்டேன் என்று போய்விட்டார். மாப்பிள்ளை நாளைக் காலையில் வேறு ஆளைக் கூட்டி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வகுப்பை நிறுத்த மட்டும் அக்கா ஒத்துக்கொண்டாள்.

அதனால் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து இந்தத் தூணோடு சேர்த்துப் போட்டு அதில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்பா மாற்றுப்புடவையும் இரவுச் சாப்பாடும் கொண்டு வருவார். நாளை வருகிற ஆள் என்னை நகர்த்திவிட்டுத்தான் உளியை வைக்க வேண்டும். ஆனால் எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பேன் சொல், எனக்கு இடுப்பு வலி இருப்பது உனக்குத் தெரியும். உன் அத்தான் நான் சொல்லிக் கேட்கமாட்டார், நீ சொன்னால்தான் கேட்பார், இந்த வீட்டின் கதி இப்படி ஆகிவிட்டது. இதைப் படித்ததும் அவருக்குப் போன் செய். பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம், உனக்கு அது வரவும் வராது. "அத்தான், எனக்குத் தெரியாது, பார்க்காம சொல்லிட்டேன்" என்று சொல், போதும். எனக்குத் தெரியாது என்று நீ ஒரு வீடியோவிலும் சொல்லி நான் கேட்டதில்லை, உன் அத்தானிடம் ஆரம்பி. பிறகு அந்த வட்டக்கூரை வீடியோவை எடுத்துவிடு, எடுக்க மனமில்லை என்றால் என் படத்தையாவது எடு, வேறு எந்த வீட்டில் எந்தக் கொத்தனார் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது.

இப்போது மேலே அக்கா நடக்கிறாள், கோபமாக இருக்கிறாள் போல, குதிகாலை ஊன்றி நடக்கிறாள். அவள் வைக்கிற அடி என் தோளுக்குப் பின்னால் இந்தக் கொத்திய தூண் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்குகிறது.

நன்றாக இரு, நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. ராத்திரியில் பீர் கீர் என்று புளித்த எதையும் குடிக்காதே. வேறு எதையும் தொடுவதற்கு முன் அத்தானைக் கூப்பிடு. இதற்குப் பதிலாகக் கட்டைவிரலை அனுப்பாதே.

இதில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும்,
உன் அம்மா