திருவிருந்துக்கு முந்தின ராத்திரி

புதன், இரவு.

டாக்டரிடம் அப்பா சொன்ன பொய்யை இன்று நான் உடைத்தேன். "எப்பவாவது, விசேஷத்துக்குத்தான்" என்றார் அப்பா. "தினமும் குவார்ட்டர். இருபது வருஷமா" என்றேன் நான். ஈரல் வீங்கத் தொடங்கியிருக்கிறது, இப்போதே நிறுத்தினால் சரியாகும் என்றார் டாக்டர்.

நாகர்கோவிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அப்பா வெடித்தார். "ஏட்டி, என்னைக் குடிகாரன் ஆக்கிட்டியே! நான் ரோட்டுல விழுந்து கெடந்து பாத்திருக்கியா? மாசாமாசம் திருவிருந்துக்கு முந்தின ராத்திரி தொடுகேனா?"

தொடுவதில்லை. மறுநாள் ஞாயிறு சர்ச்சில் அப்பமும் திராட்சரசமும் வாங்க வேண்டுமே. அந்த ஒரு சனிக்கிழமைதான் மற்ற நாள்களுக்கெல்லாம் அவருடைய நற்சான்றிதழ். எங்கள் சபையில் பாதி ஆண்கள் அதை வைத்திருக்கிறார்கள்.

எட்டு மணிக்கு வழக்கம்போல அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்தார்.

"அப்பா, நாளைக்குத் திருவிருந்துன்னு வச்சுக்கிடுங்க."

"நாளைக்கு வியாழக்கெழமைலா?"

"இருக்கட்டும்."

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பெரிய பாஸ்டரம்மா!" பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு, மீன்கறி ஊற்றிச் சோறு தின்றார்.

நாளை இரவும் இதையே சொல்வேன். அவர் அறையில் கட்டில் முனகுகிறது, இன்னும் தூங்கவில்லை. அலமாரிக் கதவுச் சத்தம் மட்டும் இதுவரை கேட்கவில்லை.