பீர்க்கன்கரணையில் அள்ளப்பட்ட கூழைக்கடாவைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
த. ரத்தினபாய் (வயது 53, ஐந்தாம் வகுப்பு),
போண்டா கடை, ஏரிக்கரை மூன்றாம் குறுக்குத் தெரு,
பீர்க்கன்கரணை.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
வார்டு அலுவலகம்.

பொருள்: குப்பை என்று எடுத்துச் செல்லப்பட்ட பறவைச் சிற்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் விடுவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு முனைப் புங்கமரத்தடியில் குப்பை சேர்ந்துவிட்டது, அள்ளுங்கள் என்று 3.7.2025 அன்று தங்களிடம் மனு கொடுத்தது நான்தான். வெறும் குப்பை என்று எழுதினால் மதிக்கமாட்டீர்கள் என்று பட்டியலே போட்டேன். வாஷிங் மெஷின் டிரம் ஒன்று, குக்கர் ஒன்று, டியூப்லைட் பட்டி இரண்டு, மஞ்சள் பிளாஸ்டிக் குடம் பாதி, குடைக்கம்பி ஒரு கட்டு, ஜோடி இல்லாத வெள்ளை பாத்ரூம் செருப்பு அறுபத்திரண்டு. செருப்பை இரண்டு முறை எண்ணினேன்.

2. ஒரு மாதம் வண்டி வரவில்லை. தங்களுக்கு எத்தனை தெருவோ, அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு மாலையில்தான் போண்டா வேலை. பகலில் கை சும்மா இருக்காது. அந்த டிரம்மைப் பார்க்கப் பார்க்க ஏரியில் நிற்கும் கூழைக்கடாவின் வயிறு போலவே இருந்தது. என் வீட்டுக்காரர் தனசிங் சென்டரிங் வேலை செய்கிறார். அவர் கொண்டுவந்த மிச்சக் கட்டுக்கம்பியால் கட்ட ஆரம்பித்தேன். டிரம் உடம்பு, குக்கர் தலை, டியூப்லைட் பட்டி அலகு, குடம் அலகுக்குக் கீழே தொங்கும் பை, செருப்பெல்லாம் இறகு. என்னைவிட அரை அடி உயரம். கட்டி முடித்த அன்று நிஜக் கூழைக்கடா ஒன்று வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனது. கருத்து எதுவும் சொல்லவில்லை.

3. அதன் பிறகு அங்கே ஒருவரும் குப்பை போடவில்லை. காரணத்தைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்வீட்டுப் பட்டு மாமி, "அது எங்காத்துக் குக்கரே இல்லைடி" என்று தெருவுக்கே சொன்னார்கள். பறவையின் பிடரியில் "பட்டு 1998" என்று பாத்திரக் கடைக்காரர் வெட்டிய பெயர் பளிச்சென்று தெரிகிறது. நான் தேய்த்து விளக்கித்தான் வைத்தேன். எதைப் போட்டாலும் ரத்தினபாய் ஊர் பார்க்க நிறுத்திவிடுவாள் என்று எல்லோருக்கும் பயம். ஓய்வு பெற்ற ஸ்ரீநிவாசராகவன் சார் மட்டும் தினமும் வாக்கிங் வந்து, "நம்ம மெஷின், பதினொரு வருஷம் உழைச்சது" என்று அதன் வயிற்றைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

4. பள்ளிக்கூடத்து ஞானசௌந்தரி டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, 30.8.2025 சனிக்கிழமை நாற்பது பிள்ளைகளை அழைத்துவருவதாகக் கடிதம் கொடுத்தார்கள். அதில் "சிற்பி திருமதி ரத்தினபாய் அவர்கள் செய்முறையை விளக்குவார்" என்று இருக்கிறது. பள்ளிக்கூடம் என்னை வெளியே நிற்கச் சொல்லித்தான் பழக்கம். கடிதத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். நான் சொல்லாமலே தனசிங் நல்ல சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

5. இந்த நிலையில் 20.8.2025 அன்று தங்கள் வண்டி வந்தது. மனு கொடுத்து நாற்பத்தெட்டு நாள், பட்டு மாமி கணக்கில் சரியாக ஒரு மண்டலம். நான் கோவிலம்பாக்கத்தில் நாத்தனார் வீட்டில் இருந்தேன். வண்டியோடு வந்த மேஸ்திரி லாசரஸ் கையில் என் பட்டியல். டிரம் இருக்கிறது, டிக். குக்கர் இருக்கிறது, டிக். செருப்பை அவரும் எண்ணியிருக்கிறார். ஒன்றுகூடக் குறையவில்லை. மொத்தப் பறவையையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று என் போனுக்குச் செய்தி வந்தது. பழைய மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது என் தப்பு.

6. லாசரஸிடம் கேட்டேன். "இன்னாக்கா, லிஸ்ட்டு குட்த்ததும் நீ, எடுத்தா பேஜார் பண்றதும் நீ" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. அவர் மீது நடவடிக்கை வேண்டாம். வந்தால் போண்டா தருகிறேன்.

7. குப்பைக் கிடங்கின் கேட் வழியாகப் பார்த்தேன். பறவை பழைய டயர்களுக்கு நடுவில் மல்லாந்து கிடக்கிறது. தங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு ஸ்பூன்கூட வெளியே போகாதாம். வெள்ளிக்கிழமை இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்களாம். பிரித்த பிறகு அது மறுபடியும் என் பட்டியல்தான், பறவை இல்லை. மரத்தடியில் அதற்குள் இரண்டு மூட்டை வந்துவிட்டது. எனக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் வெறும் மரத்தைக் காட்டி விளக்கத் தெரியாது.

ஆகையால் ஐயா அவர்கள் என் பழைய மனுவை ரத்து செய்து, வெள்ளிக்கிழமைக்கு முன் கூழைக்கடாவை என்னிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டுகிறேன். மீன்பாடி வண்டி நானே கொண்டுவருகிறேன். சனிக்கிழமை தாங்களும் வந்தால் நாற்காலி போடுகிறேன். உடையாத நாற்காலி.

பறவைக்காகக் காத்திருக்கும்,
த. ரத்தினபாய்

இடம்: பீர்க்கன்கரணை
நாள்: 25.8.2025

இணைப்பு:
1. பறவையின் போட்டோ ஒன்று.
2. பறவையின் இடது கால் ஒன்று (குடைக்கம்பியும் என் கடைக் கரண்டியும்). வண்டியில் ஏற்றும்போது உடைந்து கீழே விழுந்தது. பறவை என்னுடையதுதான் என்பதற்கு இதுவே சாட்சி.

குறிப்பு: இணைப்பு 2 தற்போது இல்லை. "ஆபீசுக்கு" என்று சீட்டுக் கட்டி வாசலில் சாய்த்துவிட்டு, சேலை மாற்ற உள்ளே போனேன். அதற்குள் குப்பை வண்டி வந்திருக்கிறது. காலை மக்காத குப்பையிலும், சீட்டை மக்கும் குப்பையிலும் சரியாகத் தரம் பிரித்து எடுத்துச் சென்றுவிட்டார்கள்.