அப்பா போட்ட ஆறு பொத்தான்

சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும், எனக்கு முதலில் வேண்டியது அதுதான். இங்கே நான் நடமாடுகிறேன், அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லலாமே என்பாய். இந்த மூன்றாம் மாடி வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்குக் கேட்கும், கைதான் போச்சு, காது போகவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி.

நீ திரும்பிப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் நான் இல்லை நான் இல்லை என்று நழுவக்கூடாது. சோபாவில் ஜன்னல் பக்கம் உன் அண்ணன், பேங்கில் மேனேஜர் ஆன புதுசு. அவனை ஒட்டி உன் அண்ணி. அவர்கள் மகள், என் பேத்தி, நீச்சலில் வாங்கின மெடலைக் கழுத்திலிருந்து கழற்றாமல் தரையில். அண்ணியின் அம்மா, சம்பந்தியம்மா, நல்ல நாற்காலியில், எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல நாற்காலி எது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அப்பாவின் தம்பி, உன் மீட்டர் சித்தப்பா, வீடு வீடாகக் கரண்டு மீட்டர் பார்த்தே வேலை முடிந்து வந்தவர், கதவோரம் ஸ்டூலில். பதினோரு வருடத்துக்கு முன் மழைக்கு நம்மிடம் வாங்கிக்கொண்டு போன வளைந்த கைப்பிடிக் கறுப்புக் குடையை அன்றைக்கும் கொண்டுவரவில்லை. நீ மேசையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாய், நான் சமையலறை வாசலில். அப்பா உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அன்றைக்குப் பிறகு அப்பா வலது கையைத் தானாகத் தூக்குவதில்லை. ஏழு வாரம் ஆகிறது. புதன்கிழமை வந்து பயிற்சி கொடுக்கும் பெண் போன வாரம் என்னைச் சமையலறைக்குள் இழுத்து, பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிவிட்டது, இன்னும் மூன்று மாதத்துக்குள் அவராக முயன்று விரலை அசைத்தால்தான் உண்டு, அதற்கப்புறம் எது வந்திருக்கிறதோ அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனாள். நீ நர்ஸ், உனக்கு இது என்னைவிடத் தெரியும். நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா ஏன் பயிற்சியை விட்டார் என்று கேட்கிறாய், நான் வெயில், சளி, சோம்பல் என்று வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் அது எதுவும் இல்லை.

நீ வருவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒருநாள் காய்ந்த துணியை அடுக்க அறைக்குள் போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மடியில் தலையணையை நிறுத்தி வைத்திருந்தார், தலையணைக்கு பஸ் ஓட்டின காலத்து டிப்போ நீலச் சட்டையை மாட்டியிருந்தார். மூளையும் போச்சா என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், வலது கையின் இரண்டு விரலால் சட்டை ஓரத்தைப் பிடித்து இடது கையால் பொத்தானை ஓட்டையில் நுழைத்துக்கொண்டிருக்கிறார். பொத்தான் பாதி நுழையும், விரல் நழுவும், வெளியே வந்துவிடும், மறுபடி. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். "சின்னவ வர்றா. அவ முன்னாடி நானே போட்டுக்கிட்டு வந்து நிக்கணும். வாயைத் திறக்காத" என்றார். படுத்ததற்கு அப்புறம் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், வீட்டில் ஒரு ஊசி தொலைந்தால் ஆறு மாடிக்கும் தெரியும். அந்த வாயை மூன்று வாரம் பூட்டி வைத்தேன். தினமும் சாயங்காலம் தலையணையார் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார், நான் வெளியே நின்று காவல் காப்பேன். அந்த மூன்று வாரம் இந்த வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்று ஐம்பதுக்குக் கதவைச் சாத்தினார். கூடத்தில் உங்கள் கச்சேரி ஆரம்பித்தது. உன் அண்ணன் தன் புது அறைக் கதவில் பெயர் எழுதியிருப்பதைப் போனில் காட்டினான், எல்லோரும் கை தட்டினீர்கள். பேத்தி மெடலைக் காட்டினாள், தட்டினீர்கள். சம்பந்தியம்மா தன் தம்பி பேரன் ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொன்னாள், அந்தப் பிள்ளையை நம்மில் ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை, அதற்கும் தட்டியாயிற்று. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு உள் அறைக்கு ஒரு காதும் கூடத்துக்கு ஒரு காதுமாக நின்றேன். ஒருதடவை கைத்தடி விழுந்தது, போகவில்லை. ஒருதடவை மூச்சு வாங்குகிற சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டேன், போகவில்லை. பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. நாற்பது நிமிடம். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டினவர், நாற்பது நிமிடத்தில் கடைசி நிறுத்தத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுவார். ஏழு பொத்தான் சட்டையில் ஆறு போட்டிருந்தார். முதலாவது சரி, இரண்டாவதை மூன்றாவது ஓட்டையில் விட்டுவிட்டார், அங்கிருந்து கீழே வரை ஒவ்வொன்றும் ஒன்று தள்ளி, கடைசிப் பொத்தான் போக இடமில்லாமல் தொங்கியது, சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நிலைப்படியில் நின்றார், நீங்களாகப் பார்க்கட்டும் என்று.

முதலில் பார்த்தது மீட்டர். "அண்ணே, வண்டி ஒரு பக்கமா இழுக்குதே, டிப்போல விடணுமோ" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள், அப்பாவும் பாதி வாயால் சிரித்தார். சம்பந்தியம்மா சட்டையைப் பார்த்தாள், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள், சலவை நிலையத்தில் இருபத்தாறு வருடம் இஸ்திரி மேசையில் நின்றவள் புருஷனை அனுப்பியிருக்கிற லட்சணம் இது என்கிற பார்வை. நீ துணியைப் போட்டுவிட்டு எழுந்தாய். என்னம்மா இது, அப்பாவை இப்படியா கிளப்பி விடுவாய் என்று என்னைக் கேட்டுக்கொண்டே பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தாய். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவரே போட்டார் என்று. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, அது இரண்டாவது தடவை அவர் மேல் விழுமே, இல்லாவிட்டால் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவார்களே, குழந்தை எழுந்து நின்றால் தட்டுகிற மாதிரித் தட்டுவார்களே என்று ஒரு நொடியில் என்னென்னவோ ஓடி, "அவசரத்துல நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணிக்கு நம்பிக்கை வரவில்லை, அத்தை கையில் பொத்தான் தப்புமா, நிஜமா மாமா என்று விளையாட்டாகக் கேட்டாள். அப்பா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "அவதான் போட்டா" என்றார். உனக்கு ஆஸ்பத்திரிக் கை, அரை நிமிடம் ஆகவில்லை, எல்லாவற்றையும் அவிழ்த்து ஏழையும் போட்டு, காலரை நீவி, இப்பதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க என்று நெஞ்சில் தட்டினாய். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னீர்கள்.

மறுநாளிலிருந்து தலையணை வெறும் தலையணையாகக் கிடக்கிறது. பொத்தான் தொல்லையே வேண்டாம் என்று உன் அண்ணன் தலைவழியாகப் போடுகிற சட்டை அரை டஜன் வாங்கி வந்தான், நல்ல மனசோடுதான் வாங்கி வந்தான், அப்பா அதைத்தான் போடுகிறார், போடுகிறார் என்ன, நான் மாட்டிவிடுகிறேன். தினமும் காலையில் நீலச் சட்டையைக் கட்டிலில் எடுத்து வைக்கிறேன், இடது கையால் ஒதுக்கிவிட்டு உட்காருகிறார். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. சின்னவள் முன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. உனக்கு ஏழு வயது, செவ்வாய்க்கிழமை, ஷூ கயிற்றில் முதல்தடவையாக உனக்கு முடிச்சு விழுந்தது. எனக்குக் காட்டு என்றேன், மாட்டேன் அப்பாவுக்குத்தான் என்று மூன்று மாடியும் இறங்கி ஓடி, முனை நிறுத்தத்தில் அவர் பஸ் வரும்வரை காத்து நின்றாய். பஸ் நெருக்கித் தள்ளுகிற கூட்டம். படியில் காலைத் தூக்கி வைத்துக் காட்டினாய். அவர் இருக்கையை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போய் ஒரு ஹாரன் அடித்தார். என்ன ஏது என்று உள்ளே இருந்தவர்கள் கேட்க, எங்க சின்னவ ஷூ கட்டிட்டா என்று பின் சீட்டு வரை கேட்கச் சொன்னார். நாலு நிமிடம் தாமதம் என்று டிப்போவில் மெமோ கொடுத்தார்கள், அந்த மெமோவையும் கொண்டுவந்து உன்னிடம் காட்டிச் சிரித்தார். சின்ன விஷயம் என்று ஒன்று அந்த மனுஷனுக்கு இருந்ததே இல்லை.

உன்னை அழ வைக்க இதை எழுதவில்லை. ஓடிப்போய்ப் போனை எடுத்து மன்னிப்பு கேட்காதே, கேட்டால் ஒண்ணுமில்லம்மா விடு என்று சொல்லி அதோடு கதவைச் சாத்திவிடுவார். கையைப் பற்றியும் கேட்காதே. உன்னுடைய சேதி எதையாவது சொல். இப்போதெல்லாம் நீங்கள் பெரிய சேதி இருந்தால்தான் வாயைத் திறக்கிறீர்கள், வீடு வாங்கினால், பதவி வந்தால். நடுவில் மாதக்கணக்கில் எல்லாம் அப்படியே போகுதுப்பா, அவ்வளவுதான். அப்படியே போகிற நாளில் ஒன்றுமே நடப்பதில்லையா. யாருக்கும் அகப்படாத நரம்பு ஒன்று உன் ஊசிக்கு ஒரே தடவையில் அகப்பட்டிருக்கும். மாப்பிள்ளை ஓடு ஒட்டாமல் முட்டை உரித்திருப்பார். அதைச் சொல், கொஞ்சம் பெருமையாகவே சொல், வெட்கப்படாதே. கேட்டுக் கேட்டு அவருக்கும் தன்னுடையதைச் சொல்லலாம் என்று தோன்றலாம். தோன்றும் என்று எனக்கு நிச்சயம் இல்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை, மூன்று மாதத்தில் ஒரு வாரம் போய்விட்டது.

மற்றபடி லிப்ட் மறுபடி நின்றுவிட்டது, முட்டி வலியோடு படி ஏறுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரிக்குக் கண் ஆபரேஷன் ஆகி நூல் கோக்கிறாளாம், நேற்று என்னை நிறுத்தி வைத்துக் கோத்துக் காட்டினாள், கையைப் பிடித்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். நீ தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் பிள்ளை உன் கண்ணெதிரே வளரட்டும், உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ண மறந்துவிடாதே, அந்த நேரம் அவர் விழித்திருப்பார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு.

உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, நீ அறியாமல் செய்தது. மீட்டருக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு, குடை தனி வழக்கு. சம்பந்தியம்மாவின் பார்வை பத்தொன்பது வருடப் பழசு, பழகிவிட்டது. நான் சொன்ன பொய்க்கு என்னை நானே திட்டாத நாள் கிடையாது, ஆனால் விடிந்தால் நான்தான் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், என்னோடேயே எத்தனை நாள் பேசாமல் இருப்பேன், ஒருவழியாக ராசியாகிவிட்டேன். ஆனால் மூன்று வாரம் மல்லுக்கட்டி, நாற்பது நிமிடம் மூச்சு வாங்கி, தனக்கென்று ஒரே ஒரு கைதட்டல் கேட்டு வாசலில் வந்து நின்றவர், அதை இரண்டு வார்த்தையில் என் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு எதற்கு அது, நானா கேட்டேன். நாற்பத்து நாலு வருடமாக எல்லாவற்றையும் இப்படித்தான் விட்டுக் கொடுத்தார், ஒவ்வொன்றையும் பொறுத்துக்கொண்டேன். இதற்கு மட்டும் உன் அப்பாவை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா